ஒரு மைக்ரான் தூரம்

நவம்பர் 8, செவ்வாய்

கருவியைக் குளிரவைக்கும் திரவ ஹீலியம் வர இன்னும் இரண்டு நாள் ஆகுமாம். அதுவரை அளவெடுக்க எதுவும் இல்லை. காலையில் இளநிலை மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு முப்பத்திரண்டைத் திருத்தினேன். மதியம் அறையைக் கூட்டி, துணி துவைத்துப் போட்டேன். லேப் நோட்டில் எழுத முடியாதவற்றை எழுதத்தான் இந்த நோட்டு. ஆறு வருஷம் முடியப்போகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன், ஜனவரியில் வாய்மொழித் தேர்வு, ஏப்ரலில் சுவீடனில் ஆய்வு வேலை. என் கணவர் பிரபாகர் ஓசூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அங்கே குளிர் எத்தனை டிகிரி என்று பார்த்துச் சொல்கிறார்.

சாயந்திரம் ஒரு மின்னஞ்சல். ஜெபசெல்வி என்று ஒரு பெண், தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி. என் கட்டுரையை அப்படியே பின்பற்றி நானோவயர் செய்து அளக்கிறாளாம், ஒன்றில்கூடப் படிகள் தெரியவில்லையாம். "நான் எங்கே தப்பு பண்ணுகிறேன் என்று சொல்ல முடியுமா மேடம்?"

நாளைக்குப் பதில் எழுத வேண்டும்.

நவம்பர் 10, வியாழன்

எழுதிவிட்டேன். அமிலத்தில் கழுவும் நேரத்தை ஐந்து வினாடி குறைத்துப் பார்க்கச் சொன்னேன். உலோக முனை வைப்பதற்கு முன் வயரைக் காற்றில் அதிக நேரம் விட வேண்டாம் என்றேன். நல்ல ஆலோசனைகள்தான்.

நவம்பர் 23, புதன்

ஜெபசெல்வி போனில் பேசினாள். மேடம் என்று ஆரம்பித்து இரண்டாவது நிமிஷத்தில் அக்கா என்றாள்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே கழுவிப் பாத்துட்டேன். சரிவாத்தான் ஏறுது. படியே வரல. இதோட நாப்பத்தெட்டு வயர் ஆச்சு."

"முனைக்கும் முனைக்கும் எவ்வளவு தூரம் விடுறே?"

"ஒரு மைக்ரான் அக்கா. உங்க பேப்பர்ல உள்ளதுதான்."

முந்நூறு நானோமீட்டரில் முயன்று பார் என்றேன். "அதுல வந்து என்னக்கா பிரயோஜனம்? அது எல்லாரும் பாத்தாச்சே. ஒரு மைக்ரான்னுதான் எங்க சாரு எனக்கு இந்தத் தலைப்பையே குடுத்தாரு" என்றாள்.

அவள் சொல்வது சரி. என் கட்டுரைக்கு மதிப்பே அந்தத் தூரத்தால்தான். தலைமுடியை ஆயிரம் பங்காக வகுத்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் வயரின் தடிமன். அதற்குள் ஓடும் எலக்ட்ரான், வயரின் மேற்பரப்பில் உள்ள சின்னக் குறையிலோ உள்ளே இருக்கும் அழுக்கணுவிலோ மோதித் திசை மாறிவிடும். எதிலும் மோதாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விட்டால், மின்கடத்தல் சரிவாக ஏறாது. படிக்கட்டு மாதிரி ஏறும். ஒவ்வொரு படியும் ஒரே உயரம். எந்த ஊரில், யார் அளந்தாலும் அந்த உயரம் மாறாது. மற்றவர்கள் சில நூறு நானோமீட்டர் தூரத்துக்கு அதைக் காட்டியிருந்தார்கள். நான் ஒரு மைக்ரானுக்கு, அதாவது ஆயிரம் நானோமீட்டருக்குக் காட்டினேன். மூன்று படிகள். அந்தப் படம் இதழின் அட்டையில் வந்தது. என் வழிகாட்டி கோதண்டராமன் சார் அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார்.

டிசம்பர் 5, திங்கள்

பழைய லேப் நோட்டைத் தேடினேன். பீரோவின் மேல்தட்டில் இருந்தது. நாளை பார்க்கலாம்.

டிசம்பர் 6, செவ்வாய்

பார்த்தேன்.

அந்த வயரை நாற்பத்தொரு முறை அளந்திருக்கிறேன். மூன்று முறை படிபோல ஏதோ தெரிந்திருக்கிறது. மற்ற முப்பத்தெட்டில் மேடும் பள்ளமுமான சரிவு. அந்த மூன்றை எடுத்துக்கொண்டது தப்பில்லை. ஹீலியம் குறையும்போது வயர் ஒழுங்காக இருக்காது, நல்ல அளவுகளை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவதுதான் வழக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. உலோக முனையும் வயரும் சேரும் இடத்தில் கொஞ்சம் தடை உண்டு. அளந்த அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். எல்லோரும் கழிக்கிறார்கள். நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: முதல் படிக்கு 3.1 கிலோ ஓம் கழித்திருக்கிறேன். இரண்டாவதற்கு 4.4. மூன்றாவதற்கு 2.7. அப்படிக் கழித்தால்தான் மூன்றும் சரியான உயரத்தில் வந்து உட்காருகின்றன.

ஒரே வயர், அதே முனைகள். தடை வேறு வேறாக இருக்க முடியுமா? மின்னழுத்தம் மாறும்போது கொஞ்சம் மாறலாம். கூடிவிட்டு மறுபடி குறையலாமா என்று தெரியவில்லை. கட்டுரையில் "தொடுமுனைத் தடை கழிக்கப்பட்டது" என்று ஒரே வரி. எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. சாரும் கேட்கவில்லை.

அன்று எனக்கு என்ன தோன்றியது என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்த மாதம் அது. குடியாத்தத்துக்கும் சென்னைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் தேதிக்குள் படம் வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். வேறு எதுவும் நினைவில்லை.

நோட்டை மறுபடி மேல்தட்டில் வைத்தேன். மெஸ்ஸில் இன்று வத்தக்குழம்பு. சாப்பிடவில்லை.

டிசம்பர் 14, புதன்

ஜெபசெல்வி நேரிலேயே வந்துவிட்டாள். அவள் வழிகாட்டி எங்கள் சாருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார், சார் உடனே ஒப்புக்கொண்டார். "நம்ம மெஷின்ல அளந்து காட்டும்மா. பொண்ணு அவ்வளவு தூரத்துலேர்ந்து வருது" என்றார்.

சின்ன உருவம், எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய தலை. வள்ளியூரில் ரயில் ஏறியதிலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் வயர் பதித்த ஆறு சில்லுகள். சட்டையில் உள்ள நிலைமின்சாரம் பட்டால்கூட வயர் எரிந்துவிடும் என்று பாதி வழியில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாளாம்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அளந்தோம். நுண்ணோக்கியில் அவள் வயர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னுடையதைவிடச் சுத்தம். விளிம்பு நேர்கோடு. முனைகள் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. குளிரவைத்து மின்னழுத்தத்தை ஏற்றினோம். திரையில் கோடு ஏறியது. மேடு, பள்ளம், சரிவு. இரண்டாவது வயரும் அப்படியே. ஆறாவதும் அப்படியே. அவள் சில்லு ஒன்றில் தூரத்தை மாற்றி மாற்றி முனை வைத்திருந்தாள். அதைக் கொண்டு கணக்குப் போட்டால், எலக்ட்ரான் நூற்றெண்பது நானோமீட்டர் போவதற்குள் எதிலாவது மோதிவிடுகிறது. ஒரு மைக்ரானுக்குள் ஐந்தாறு தடவை. படி வர வாய்ப்பே இல்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மெஷின்லயும் வரலியே அக்கா. அப்ப என் கையிலதான் ஏதோ கோளாறு. எங்க சாரும் அதைத்தான் சொல்லுதாரு. உனக்குக் கை ராசி இல்லம்மாங்காரு."

நான் வாயைத் திறந்தேன். சொல்லியிருக்கலாம். அந்த அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

"வயர் வளர்க்கும்போதே அழுக்கு சேர்ந்திருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன். "வயர் சரியில்ல. புதுசா வளர்த்துப் பாரு."

தலையாட்டினாள். நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். என் பெயரையும் தேதியையும்கூடப் பக்கத்தில் எழுதினாள்.

டிசம்பர் 15, வியாழன்

எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி யாரும் நேரம் ஒதுக்க மாட்டாங்கக்கா" என்றாள். தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தேன்.

டிசம்பர் 29

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 19, வியாழன்

வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நான்காம் அத்தியாயத்தைத்தான் அதிகம் புகழ்ந்தார். நான்காம் அத்தியாயம்தான் அந்த மூன்று படிகள். "வேறு ஆய்வகங்களில் யாராவது இதைத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டார். "சிலர் முயற்சி செய்துகொண்டிருக்கிறார்கள்" என்றேன். அது உண்மை.

எல்லோரும் கைதட்டினார்கள். பிரபாகர் ஓசூரிலிருந்து வந்திருந்தார், அம்மா அப்பாவையும் கூட்டி வந்திருந்தார். ஆஞ்சியோவுக்குப் பிறகு அப்பா படி ஏறியது இதுதான் முதல் தடவை, மூன்றாவது மாடி. கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல், நான் பேசிய நாற்பது நிமிஷமும் கண் இமைக்காமல் கேட்டார். அவர் பக்கம் பார்க்காமல் பேசினேன்.

பிப்ரவரி 9, வியாழன்

ஜெபசெல்வியிடமிருந்து செய்தி. ஆறாம் தேதி ஆய்வுக் குழு கூடி அவளுடைய பதிவை ரத்து செய்துவிட்டது. காரணம், நான்கு ஆண்டுகளில் முன்னேற்றம் இல்லை. அறுபத்து நான்கு வயர்கள், பலன் ஏதுமில்லை. கடைசியாகச் செய்த பத்தும் நான் சொன்னபடி புதிதாக வளர்த்தவை.

உடனே கூப்பிட்டேன். அழவில்லை. ஊரிலேயே ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"எனக்கு இது வராதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்க்கா. ரெண்டு வருஷம் முன்னாடியே விட்டிருந்தா அம்மாவுக்காவது நிம்மதியா இருந்திருக்கும். நீங்க எவ்வளவோ சொல்லிக்குடுத்திய. என் கைக்குத்தான் வரல."

பிப்ரவரி 10, வெள்ளி

சாரிடம் சொன்னேன். பழைய நோட்டை அவர் மேஜையில் விரித்து மூன்று எண்களையும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சட்டம் போட்ட அட்டைப்படம் அவர் தலைக்குமேல் இருந்தது.

"இது எனக்குத் தெரியாதும்மா" என்றார் கடைசியில்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சார். நான் மறைச்சது உங்ககிட்டயும்தான்."

"அந்த முனைத் தடை மாறலாமே. மின்னழுத்தத்தோட மாறும்."

"இப்படி மாறாது சார். ஏறி இறங்காது."

நோட்டை மூடினார். "மூணு வருஷம் ஆச்சு. நாம வாபஸ் வாங்கினா உன் பட்டம் போகும். இந்தப் படத்தைக் காட்டித்தான் அடுத்த ப்ராஜெக்ட்டே வந்திருக்கு, அதுல நாலு பசங்க இருக்காங்க. அவங்க என்ன தப்பு பண்ணாங்க? தப்பான பேப்பரெல்லாம் தானா மறந்துபோகும்மா. யாராலயும் திரும்பச் செய்ய முடியலன்னா நாளடைவுல விட்டுடுவாங்க. சயின்ஸ் அப்படித்தான் தன்னைத் திருத்திக்குது."

"அந்தப் பொண்ணு ஜெபசெல்வி?"

"அவங்க யூனிவர்சிட்டி எடுத்த முடிவுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவின் ஆஞ்சியோவுக்கு டாக்டரைப் பிடித்துத் தந்தவர் அவர்தான்.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஓசூர். சுவீடனுக்கு என்னோடு வருவதற்காகப் பிரபாகர் ராஜினாமா கடிதம் கொடுத்தாகிவிட்டது. சமையலறையில் நின்றபடியே சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார்.

"ஒரு கிராஃப்தானே தமா?"

"ஆமா."

"யாராவது செத்துட்டாங்களா அதனால?"

இல்லை என்றேன். திரும்பக் கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். குழம்பு வைத்தார். இருவரும் சாப்பிட்டோம். கை கழுவும்போது, "நீ முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட சொல்றே. அது மட்டும் தெரியுது" என்றார்.

பிப்ரவரி 15, புதன்

இதழுக்கும் எங்கள் ஆய்வு நிறுவனத்துக்கும் எழுதிவிட்டேன். தரவைப் பிழையாகக் கையாண்டேன், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பொறுப்பு முழுவதும் என்னுடையது. எப்போது தெரியவந்தது என்ற இடத்தில் "சமீபத்தில் மறுபரிசீலனை செய்தபோது" என்று எழுதினேன். நாள் எதுவும் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

மார்ச் 4, சனி

வள்ளியூர். சொல்லாமல்தான் போனேன். பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை, ஓட்டு வீடு, வாசலில் சைக்கிள். அம்மா அங்கன்வாடி வேலை பார்க்கிறவர். என் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

"ஏட்டி ஜெபா, மெட்ராசுல இருந்து ஒங்க அக்கா வந்திருக்காவ பாரு. எப்பவும் ஒங்களப் பத்தித்தாம்மா பேசுவா. எவ்வளவு ஒத்தாச செஞ்சிய."

ஜெபசெல்வி விடைத்தாள் கட்டோடு வந்தாள். அம்மா டீ போடப் போனதும் சொல்லிவிட்டேன். என் படம் பொய். அந்தப் படிகள் இல்லை. ஒரு மைக்ரான் தூரம் எந்த எலக்ட்ரானும் மோதாமல் போகவில்லை. நீ அளந்ததுதான் சரி, அறுபத்து நான்கு வயரிலும் நீ அளந்ததுதான் சரி.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், அழுவாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் சிரித்தாள்.

"அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு. என்னைவிட நல்லா இருந்துச்சு."

"யம்மா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, படபடவென்று பேசினாள். மேல்முறையீடு செய்ய மார்ச் கடைசிவரை நேரம் இருக்கிறது. ஒரு கடிதம் வேண்டும். என் படம் தவறு, இவள் அளவுகள் சரி என்று. ஆனால் குழு கூடிய ஆறாம் தேதிக்கு முன்னால் இருந்த ஆதாரத்தைத்தான் பார்ப்பார்களாம், விதி அப்படி.

"உங்களுக்கு இது எப்பக்கா தெரிஞ்சுது?"

பிப்ரவரி என்று சொல்லியிருக்கலாம்.

"டிசம்பர்ல."

"டிசம்பர்லன்னா?"

"ஆறாம் தேதி."

அவள் விரலை மடக்கவில்லை, எதுவும் எண்ணவில்லை. ஆனால் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"நான் வந்தது பதினாலு" என்றாள்.

அம்மா டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்து, "ஆறிடப்போவுது, குடிங்கம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார். அவர் போகும்வரை ஜெபசெல்வி காத்திருந்தாள்.

"வயர் சரியில்லன்னு சொன்னிய."

"ஆமா."

"அதுக்கப்பறம் பத்து வயர் வளத்தேன்."

விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, பேனாவோடு என் முன்னால் வைத்தாள். குரல் மாறியிருந்தது.

"எழுதுங்க. டிசம்பர் தேதி போடுங்க."

"இன்னிக்குத் தேதிதான் போட முடியும் ஜெபா. டிசம்பர்லயே தெரியும்னு உள்ள எழுதுறேன். ஆனா தேதி மாத்த முடியாது. அது பொய்."

"ஒங்களுக்கு டிசம்பர்ல தெரியும்தான? அப்ப எப்படிப் பொய்?"

"அன்னிக்கு நான் எழுதலையே."

"எழுதியிருக்கணும்லா அக்கா."

இரைந்து பேசவில்லை. உள்ளே அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். எழுதியிருக்க வேண்டும். டிசம்பர் ஆறாம் தேதியே எழுதியிருக்க வேண்டும், பதினான்காம் தேதி அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வேண்டியபோது மூன்று எண்களை மாற்றியவள், அவளுக்கு வேண்டியபோது ஒரு தேதியை மாற்ற மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். மாற்றினால் கண்டுபிடிப்பார்கள், இருவரும் மாட்டுவோம் என்று எனக்குள் காரணம் சொல்லிக்கொண்டேன். அது மட்டும்தான் காரணமா என்று இப்போதும் தெரியவில்லை. இனிமேல் பொய் எழுத மாட்டேன் என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வாக்கு அவள் வாழ்க்கையைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

மார்ச் 4 என்று போட்டு எழுதினேன். டிசம்பர் 6 அன்றே எனக்குத் தெரியும், தெரிந்தே அவளுக்குத் தவறான ஆலோசனை சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஒரு தடவை படித்தாள். மடித்து விடைத்தாள்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இப்ப ரொம்ப நேர்மையா இருக்கிய" என்றாள்.

வாசலுக்கு வரவில்லை. அம்மாதான் பஸ் நிலையம்வரை கூடவே நடந்து வந்தார். முறுக்கைப் பொட்டலம் கட்டித் தந்தார். "நீங்க வந்ததே பெரிய சந்தோசம்மா. இனிமே தெம்பா இருப்பா" என்றார்.

மார்ச் 5, ஞாயிறு

இதழுக்கும் நிறுவனத்துக்கும் இன்னொரு கடிதம் அனுப்பினேன். "சமீபத்தில்" என்ற சொல்லை எடுத்துவிட்டு டிசம்பர் 6 என்று போட்டேன்.

மார்ச் 16, வியாழன்

பட்டத்தை நிறுத்தி வைத்திருப்பதாகவும் விசாரணைக்கு ஆஜராக வேண்டும் என்றும் கடிதம். சுவீடனிலிருந்தும், வர வேண்டாம் என்று மரியாதையாக மூன்று வரி வந்தது. லேப் சாவியைச் சாரிடம் கொடுத்தேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 11, செவ்வாய்

ஓசூர். பிரபாகர் வேறு கம்பெனியில் நேர்முகத்துக்குப் போயிருக்கிறார். அப்பா தினமும் பேசுகிறார். உடம்பைப் பற்றி மட்டும் கேட்கிறார், வேறு எதுவும் கேட்பதில்லை.

அவளுடைய பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். மேல்முறையீடு தள்ளுபடி. ஆவணத்தின் தேதி குழுக் கூட்டத்துக்குப் பிந்தையது.

இதழ் இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது. அதுவரை என் படம் அங்கேயேதான் இருக்கும். போன வாரம் யாரோ ஒரு புதிய கட்டுரையில் அதை ஆதாரமாகக் காட்டியிருப்பதாக அறிவிப்பு வந்தது.

நேற்று ஜெபசெல்விக்கு எழுதினேன். ஒரு மைக்ரானில் படிகள் வராது என்பதே ஒரு முடிவுதான், அறுபத்து நான்கு வயரின் அளவுகள் வேறு யாரிடமும் இல்லை, அவள் பெயரில் மட்டும் வெளியிடலாம், வரைபடங்களை எல்லாம் நான் போட்டுத் தருகிறேன், என் பெயர் எங்கேயும் வராது என்று. சில்லுகளையும் லேப் நோட்டையும் அனுப்பச் சொன்னேன்.

இன்று மதியம் பதில் வந்தது.

"சில்லு எல்லாத்தையும் லேப்ல குப்பையில போட்டுட்டாங்க. நோட்டு என்கிட்டதான் இருந்துச்சு. போன மாசம் தள்ளுபடின்னு சொன்ன அன்னிக்கு வெந்நி அடுப்புல வச்சு எரிச்சிட்டேன். இனிமே எனக்கு எழுதாதீங்க."